தவளை முதுகின் கடைசியில் துடிப்பது எது?

கோத்தகிரிக்காரி:
மழை பிடித்ததில் இருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து வாய்க்கால் ஓரமெல்லாம் தவளைதான். நேற்று டார்ச் வெளிச்சத்தில் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருந்தது, முதுகெலும்பு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் தோல் விட்டு விட்டுத் துடித்தது. தொண்டை துடிப்பது மூச்சு, அது தெரியும். இதயம் நெஞ்சில்தானே இருக்கிறது, அப்புறம் பின்னால் என்ன? மகன் கேட்கிறான், சொல்லத் தெரியவில்லை.

சோலைக்குருவி:
அது நிணநீர் இதயம் அக்கா. ரத்தத் தந்துகிகளில் (மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில்) இருந்து நீரும் கொஞ்சம் புரதமும் வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அது திசுவிலேயே தங்கினால் உடம்பு வீங்கும், ரத்தமும் குறையும். அதை வாரிக்கொண்டுபோய்த் திரும்பச் சிரையில் விடுவதுதான் நிணநீர் நாளங்களின் முதல் வேலை; அந்த நாளத்துக்குள் போனபின் அந்த நீருக்குப் பெயர்தான் நிணநீர். தவளைக்குக் கசிவு நம்மைவிட ரொம்ப அதிகம். தோலுக்கு அடியில் பெரிய பெரிய நிணநீர்ப் பைகள் உண்டு (தவளைத் தோல் சட்டை மாதிரி தொளதொளவென்று கழன்று வருவது அதனால்தான்), அங்கே சேர்வதைச் சிரைக்குள் தள்ள இந்தக் குட்டி இதயங்கள். ஜெர்மானிய உடலியலாளர் யோஹன்னஸ் முல்லர் 1833-லேயே தவளைக்கு நான்கு என்று எழுதிவிட்டார். நெஞ்சில் இருக்கும் இதயத்தின் தாளத்தோடு இவை சேராது, தண்டுவடம் சொல்கிறபடி துடிக்கும்.

கோத்தகிரிக்காரி:
சரி, நமக்கும் இருக்கிறதா?

சோலைக்குருவி:
பாலூட்டி எதற்குமே இல்லை. கோழிக்கு முட்டைக்குள் கருவாக இருக்கும்போது உண்டு, வளர்ந்தபின் காணாமல் போய்விடும். நமக்கு நாளத்தின் சுவரே சுருங்கித் தள்ளும், உள்ளே இருக்கும் வால்வுகள் பின்னால் வர விடாது, நடக்கும்போது கால் தசையும் சேர்ந்து பிழியும். கோவையில் இருந்து பஸ்ஸில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே வந்தால் செருப்பு இறுக்குகிறதே, தசை வேலை செய்யாததும் அதற்கு ஒரு காரணம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3 லிட்டர் இப்படித் திரும்புகிறது, பெரும்பகுதி இடது காறை எலும்புக்குப் பின்னால் இருக்கும் சிரையில் போய்ச் சேரும். குடலில் இருந்து கொழுப்பை ஏற்றிக்கொண்டு போவதும் இதே வழிதான்.

மாட்டுவைத்தியர்:
ஒன்று விட்டுப்போச்சு. தவளைக்கு நம்மைப் போல நிணநீர்க் கணு (நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சு) கிடையாது. நமக்கும் மாட்டுக்கும் வழிநெடுக உண்டு, கிருமி அங்கே மாட்டினால் வெள்ளணுக்கள் பெருகிக் கணு வீங்கும், நெறி கட்டுவது என்கிறோமே, அதுதான். இங்கே ஜெர்சிக் கலப்பு மாடு வைத்திருப்பவர்கள் தோளுக்கு முன்னால் தடவிப் பாருங்கள். உண்ணி கடித்துத் தைலேரியா என்ற ஒட்டுண்ணி நோய் வந்தால் அந்தக் கணு கையில் தட்டுப்படும். காய்ச்சலும் இருந்தால் மஞ்சள் பற்றுப் போட்டு நாளைக் கடத்தாமல் ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.