தரம் 8 பிள்ளைகளை வாசிக்க வைப்பது எப்படி?

வடமராட்சி ஆசிரியை:
என் வகுப்பில் 31 பிள்ளைகள். ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் போட்டிக்காகப் புத்தகம் எடுப்பார்கள். நவம்பரில் ஒருவரும் அலுமாரிப் பக்கம் வருவதில்லை. ஒரு பெடியன் நேரே கேட்டான்: "டீச்சர், இது சோதனைக்கு வருமோ?" இரண்டு நாளாக அது மனதை விட்டுப் போகவில்லை. என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
முதலில் அலுமாரிப் பூட்டைக் கழற்றுங்கள் டீச்சர். கிழிந்தால் கிழியட்டும், ஒட்டலாம். அப்புறம், வாசித்ததைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள். நான் பாட முடிவில் பத்து நிமிடம் உரக்க வாசிப்பேன். கள்ளன் கதவைத் தட்டும் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். மிச்சக் கதைக்காக இடைவேளையில் மூன்று பேராவது வந்து நிற்பார்கள்.

நல்லூர் அம்மா:
என் மகன் பத்திரிகையின் கிரிக்கெட் பக்கத்தில்தான் தொடங்கினான். அதுவும் வாசிப்புத்தான். ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். 1981இல் அங்கே 97,000 வரையான புத்தகங்கள் எரிந்த கதையைச் சொன்னேன். "அவ்வளவும் ஆர் வாசிச்சது அம்மா?" என்றான். அன்றே சிறுவர் பகுதியில் போய் இருந்துவிட்டான்.

வடமராட்சி ஆசிரியை:
பூட்டைக் கழற்றிவிட்டேன் சேர். அந்தப் பெடியன் மோட்டார் சைக்கிள் திருத்தும் புத்தகம் கேட்கிறான். தமிழில் யாரிடமாவது இருக்கிறதா?