மீன்சட்டியில் பால் காய்ச்சிய கதை: சீனத் தேநீரும் பாத்திரமும்

கம்பெனி வேலையாகச் சீனாவில், சூசோ நகரத்தில் இரண்டு வருடம் இருந்தேன். தாய்ஹூ ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் யீசிங் வந்துவிடும். மண் டீப்பாட்டுக்குப் பெயர் போன ஊர் அது. கெண்டி என்றே வைத்துக்கொள்வோமே. ஜீஷா என்ற மண்ணில் செய்வார்கள். ஊதா மணல் என்று பொருள். மேலே கண்ணாடிப் பூச்சு கிடையாது. 150 மில்லி பிடிக்கிற ஒரு குட்டிக் கெண்டியைக் கையில் எடுத்தேன், திரும்ப வைக்க மனம் வரவில்லை. எந்தத் தேயிலைக்கு என்று கடைக்காரர் கேட்டார். எல்லாத்துக்கும்தான் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றைக்குப் புரியவில்லை.

வசந்த காலத்தில் அலுவலக நண்பர் ஒருவர் லோங்ஜிங் கொடுத்தார். ஹாங்சோ மேற்கு ஏரிப் பக்கத்துப் பச்சைத் தேயிலை. வாணலியில் கையால் அழுத்தி அழுத்தி வறுப்பதால் இலை தட்டையாக இருக்கும். கெண்டியில் போட்டு, தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றி மூடிவைத்தேன். கீரை வேகவைத்த தண்ணீர் மாதிரி ஒன்று வந்தது, கசப்போடு. நண்பர் ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துபோய்ச் சாதாரணக் கண்ணாடி டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்தார். தண்ணீரை 80 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு ஊற்றினார். மூடவே இல்லை. இலைகள் நின்றவாக்கில் மெல்ல இறங்கின. அதே இலைதான், வறுத்த பயறு வாசனையோடு இனித்தது. கனமான மண் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இளந்தளிர் அதற்குள் வெந்துபோகும். அவ்வளவுதான் விஷயம்.

அத்தோடு திருந்தினேனா? இல்லை. அதே கெண்டியில் ஒரு மாதம் மல்லிகைத் தேநீர் போட்டேன். அப்புறம் யுன்னான் மாகாணத்திலிருந்து வட்டுவட்டாக வரும் பூஅர் தேயிலை, அதுவும் நன்றாகப் புளித்துக் கறுத்த வகை, கிடைத்தது. மழை நனைத்த மண் வாசனை வரவேண்டிய இடத்தில் கல்யாண வீட்டு மல்லிகை. பூச்சில்லாத மண், வாசனையை உறிஞ்சிக்கொண்டுவிட்டது. மீன் குழம்பு வைக்கிற சட்டியில் நம் வீட்டில் பால் காய்ச்சுவோமா? கொதிநீர் ஊற்றி ஊற்றி இரண்டு மாதம் கழித்துத்தான் மல்லிகை விலகியது. இப்போது அதில் பூஅர் மட்டும்தான். அந்த இலைக்குக் கொதிக்கிற தண்ணீரும் சூடு தாங்குகிற சுவரும் பொருத்தம்.

புதிதாகத் தொடங்குபவர்கள் கெண்டி வாங்காதீர்கள், கைவான் வாங்குங்கள். கிண்ணம், மூடி, அடித்தட்டு, மூன்றே துண்டு. பீங்கானில் 100 முதல் 120 மில்லி அளவு போதும். வழவழப்பான பூச்சு எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளாது. காலையில் மல்லிகை, மாலையில் பூஅர் என்று போடலாம். விரல் சுடும், அது உண்மை. தண்ணீரை விளிம்பு விரிகிற இடத்துக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டைவிரலும் நடுவிரலும் விளிம்பில், ஆள்காட்டி விரல் மூடிக் குமிழில். முதல் வாரம் நான் பாதியை மேஜைக்குத்தான் ஊற்றினேன்.

பதில்:
அண்ணே, நான் பொம்மை இறக்குமதிக்காக தென் சீனாவின் சாந்தோ நகரப் பக்கம் போய்வருகிறவன். அங்கே விலை பேசுவதற்கு முன்னால் தேநீர்தான். பேச்சுவழக்கில் அவர்களும் 'தே' என்றே சொல்கிறார்கள், கேட்டதும் சொந்த ஊர் ஞாபகம் வந்துவிட்டது! ஐந்து பேர் உட்கார்ந்திருந்தாலும் கிண்ணம் மூன்றுதான். ஒருவர் குடித்ததும் வெந்நீரில் அலசி அடுத்தவருக்கு. கிண்ணம் சந்தனக் கிண்ணி அளவுதான் இருக்கும். அந்தப் பக்கத்து ஃபீனிக்ஸ் மலையில் விளைகிற ஊலாங், அதாவது பாதி புளிக்கவைத்த இலையைப் பாத்திரம் நிறையத் திணித்துச் சில நொடிகளிலேயே ஊற்றிவிடுகிறார்கள். ஒவ்வொரு கிண்ணமாக நிரப்பாமல் மூன்றின் மேலும் சுற்றிச் சுற்றி ஊற்றுவார்கள், ஒருவருக்கு ஸ்ட்ராங்காகவும் இன்னொருவருக்கு லேசாகவும் போகாது. வாசனைதான் இந்த இலையின் சொத்து, பெரிய டம்ளரில் போட்டால் ஒன்றும் தெரியாது. நான் ஹோட்டல் அறையில் மக்கில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பதில்:
என் கதை சின்னது. ஊருக்குக் கொண்டுவந்த யீசிங் கெண்டி உள்ளே கறுத்திருக்கிறதே என்று அம்மா சோப்புப் போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று கவிழ்த்துவைத்துவிட்டார். மூன்று நாள் எலுமிச்சை நுரைதான் குடித்தேன். மீன்சட்டி கதையை இப்போது வாசித்துக் காட்டினேன். "இதை முன்னாலேயே சொல்லியிருந்தா கடலைமாவு போட்டுக் கழுவியிருப்பேனே" என்கிறார்.

பதில்:
அம்மாவிடம் கடலைமாவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இலையைத் தட்டிவிட்டு வெந்நீரில் அலசினால் போதும். அப்புறம் மூடியைக் கழற்றி வைத்துக் காயவிடுங்கள், ஈரத்தோடு மூடினால் பூசணம் பிடிக்கும்.