வேள்விக் கிடாயும் ஹலால் சின்னமும்: எங்களுக்கு நேர்ந்தவை

வெள்ளவத்தையிலிருந்து:

2013இல் கொழும்பில், கொள்ளுப்பிட்டிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எல்லோருக்கும் பொதுவாக மேசையில் வைத்தேன். பக்கத்து இருக்கை நானா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை எடுத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். "சின்னம் இல்ல தங்கச்சி" என்றார்.

அந்த பெப்ரவரியில்தான் பொது பல சேனா என்ற பௌத்த அமைப்பு மகரகமவில் கூட்டம் போட்டு, பொருட்களிலிருந்து ஹலால் சின்னத்தை நீக்கச் சொன்னது. மார்ச்சில், உள்ளூர்ப் பொருட்களுக்கு அது இனிக் கட்டாயமில்லை என்று, அந்தச் சின்னத்தைக் கொடுத்துவந்த உலமாக்கள் சபையான ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. ஒரு சின்னம்தானே, போனால் என்ன என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நானா விளங்கப்படுத்தினார். இறைச்சிக் கடையில் அவருக்குச் சின்னம் தேவையில்லை, கடைக்காரரைத் தெரியும். பிஸ்கட்டில் சேரும் கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்று யாரிடம் கேட்பது? அதற்குத்தான் சின்னம். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்ததை மட்டுமே சாப்பிட்டார். எங்களோடு ஒரே பாக்கெட்டில் கைவிட்டு எடுத்த மனிதர்.

எனக்கு இதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம். வைரவர் கோயிலில் வருடா வருடம் வேள்வி நடக்கும். மாமா அதற்கென்றே கிடாய் வளர்ப்பார். மாலை போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து வரிசையாக நிறுத்தி வெட்டுவார்கள். பிறகு இறைச்சி பங்கு பங்காக விலைப்படும். வரிசையில் பின்னால் நின்ற கிடாய்கள் முன்னால் நடப்பதைப் பார்த்து நின்ற நிலை இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. 2017 ஒக்டோபரில், சைவ அமைப்பு ஒன்று தொடர்ந்த வழக்கில், கோயில்களில் மிருக பலி கூடாது என்று யாழ்ப்பாணம் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நானாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அறுத்தது பிழையா தங்கச்சி, கோயிலில அறுத்தது பிழையா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. அதே கிடாய் அடுத்த நாள் இறைச்சிக் கடையில் தொங்கினால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. அவர்களுடைய ஒழுங்கையும் அன்றைக்குச் சொன்னார்: தண்ணீர் காட்ட வேண்டும், மிருகத்தின் கண்முன்னே கத்தி தீட்டக் கூடாது, ஒன்றின் முன்னால் மற்றொன்றை அறுக்கக் கூடாது. எங்கள் வேள்வியில் அப்படி ஓர் ஒழுங்கு இருக்கவில்லை. மிருகம் எப்படிச் சாகிறது என்பதைச் சட்டம் பார்க்கட்டும். யாருடைய மந்திரம் அங்கே சொல்லப்படுகிறது என்பதைப் பார்க்கத் தேவையில்லை. அன்றிலிருந்து என் நிலைப்பாடு இதுதான்.

மாளிகாவத்தையிலிருந்து:

அந்த நானா சொன்ன ஒழுங்கு எங்களிடம் இருப்பது உண்மை. எல்லா இடத்திலும் அது பேணப்படுகிறது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் எங்கள் தெருவுக்குள் நான்கு மாடுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டி உழ்ஹிய்யா, அதாவது குர்பானி, கொடுத்தோம். என் மகள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு அன்று சாப்பிடவே இல்லை. அடுத்த வருடம் பள்ளிவாசலில் பேசி, மறைப்புக் கட்டி, ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தோம். கூடுதலாக ஒரு மணித்தியாலம் ஆனது, அவ்வளவுதான்.

போயா நாளில், அதாவது பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையில், இறைச்சிக் கடைகள் பூட்டு. எங்களுக்கு அதில் சண்டை இல்லை. பெருநாள் பிறை பத்தில் வருகிறது, அடுத்த மூன்று நாளும் உழ்ஹிய்யா கொடுக்கலாம். போயா அந்தக் கடைசி நாளோடு முட்டினால் ஒரு நாள் முன்னதாகக் கொடுத்துவிடலாம்.

மயக்கி அறுப்பது பற்றியும் பேசலாம். நியூசிலாந்தில் விற்பனைக்கு ஹலால் அறுப்பதென்றாலும் மயக்காமல் அறுக்க முடியாது. தலையில் மட்டும் மின்சாரம் கொடுக்கிறார்கள், அறுக்காமல் விட்டால் மிருகம் எழுந்து நடக்கும், ஆகவே அதை ஹலால் என்று ஏற்கும் உலமாக்கள் உண்டு. பெல்ஜியத்தின் இரண்டு பிராந்தியங்கள் 2019இல், மயக்கி அறுக்க வேண்டும் என்ற சட்டத்தில் மதத்துக்கு இருந்த விலக்கையே எடுத்துவிட்டன. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றமும் 2024இல் அது சரி என்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு உடன்பாடில்லை. ஆனாலும் அங்கே வாதம் மிருகத்தின் வலியைப் பற்றி நடந்தது. இங்கே 2020இல் மாடறுப்பைத் தடை செய்ய அமைச்சரவை முடிவெடுத்தபோது, இறைச்சி வேண்டியவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து இறக்கித் தரலாம் என்றும் சேர்த்தே சொன்னார்கள். அந்த நாட்டு மாட்டுக்கு வலிக்காதா? மாடறுக்கும் மடுவத்தில் வேலை செய்கிறவர்களின் குடும்பம் என்ன செய்யும்? எங்கள் பக்கம் அப்போது ஒருவரும் வந்து கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

நான் சைவ சமயம், ஹோட்டல் சமையலறையில் வேலை. இரண்டு விதமான கோழியை இரண்டு குளிர்பெட்டியில் வைப்பது சிரமம் என்று எல்லோருக்கும் ஹலால் கோழிதான் வாங்குவோம். ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து, "என்னைக் கேட்காமல் ஏன் தருகிறீர்கள்?" என்று கோபப்பட்டார். அவர் கேட்டது நியாயம் என்றே பட்டது. தெரிந்து வாங்கும் உரிமை அவருக்கும் வேண்டும். ஆனால் சின்னத்தை எடுத்துவிட்டால் அவருக்குத்தான் எப்படித் தெரியும்?

மறுபடியும் வெள்ளவத்தையிலிருந்து:

மகளைப் பற்றி எழுதியவருக்கு நன்றி. எங்கள் கோயிலில் இப்போது நீற்றுப்பூசணி வெட்டுகிறார்கள். மாமா இன்னும் கிடாய் வளர்க்கிறார். வியாபாரி லொறி கொண்டுவந்து ஏற்றிப் போகிறார். எங்கே, எப்படி அறுக்கிறார்கள் என்று மாமாவுக்குத் தெரியாது, நானும் இதுவரை கேட்டதில்லை. தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது அந்த வியாபாரியைச் சந்திக்கப் போகிறேன்.