ஸ்டிச் அன்ட் குளூ: தமிழில் என்ன சொல்லலாம்?

திருகோணமலை, பட்டறை ஆசிரியர்

வணக்கம். அவசரம், நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் விடுமுறையில் பதினைந்து பிள்ளைகளோடு எட்டடிப் பாய்ப்படகு ஒன்று செய்யப் போகிறோம். பிளைவுட், எப்பொக்சிப் பசை, பாய்க்கு நீலப் படங்கு (தார்ப்பாய்), இவ்வளவுதான் சாமான். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எல்லாம் எழுதியாயிற்று, ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஆங்கிலத்தில் 'ஸ்டிச் அன்ட் குளூ' (தைத்து ஒட்டுவது) என்கிற படகு கட்டும் முறைக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது?

முறை இதுதான்: மெல்லிய பலகைகளை அளவுக்கு வெட்டி, விளிம்போரம் ஆறங்குலத்துக்கு ஒன்றாகத் துளையிட்டு, செப்புக்கம்பியைக் கோத்து வெளிப்பக்கம் குறட்டால் முறுக்க வேண்டும். முறுக்க முறுக்கத் தட்டையாகக் கிடந்த பலகை வளைந்து எழும்பும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே படகின் உருவம் வந்துவிடும். (கொஞ்சம் கூடுதலாக முறுக்கினால் கம்பி விளிம்பைக் கிழித்துவிடும், அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.) பிறகு எப்பொக்சியில் மரத்தூளைக் குழைத்து, உள்மூலை நெடுகக் கரண்டியின் முதுகால் இழுத்துவிடுவோம். இறுகியதும் கம்பியைக் களைந்து, வெளியே கண்ணாடிநார்ப் பட்டி ஒட்டினால் முடிந்தது. 1962இல் பாரி பக்னெலும் ஜாக் ஹோல்ட்டும் வடிவமைத்த மிரர் படகுதான் இந்த முறையை வீட்டு முற்றங்களுக்குக் கொண்டுபோனது. மிரரின் நீளம் பத்தடி பத்தங்குலம், உடல் 45 கிலோ சொச்சம், இரண்டு பேர் தூக்கலாம்.

நான் 'தைத்தொட்டல்' என்று எழுதினேன். வரைவை வாசித்த பையன் "தை தொட்டலா சேர்?" என்று கேட்டான். மேசன் வீட்டுப் பிள்ளை ஒன்று 'கம்பி கட்டுறது' என்றது. அது கொங்கிறீட் வேலைக்குரிய சொல். என்ன செய்யலாம்?

உவர்மலை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, சொல் இருக்கும்போது ஏன் தவிக்கிறீர்? துன்னல் என்றால் தையல். சிலப்பதிகாரத்துப் புகாரில் துன்னகாரர் இருக்கிறார்கள். புறநானூற்றில் 'பஃறுன்னத்து' என்று பல தையல் போட்ட கந்தல் வருகிறது (136ஆம் பாட்டு). துன்னுதல் என்றால் நெருங்குதல், பொருந்துதல். இரண்டு பலகை விளிம்புகள் நெருங்கிப் பொருந்துவதைத்தானே நீர் செய்கிறீர்? துன்னொட்டு. ஐந்தே எழுத்து, வினையாகவும் வரும்: துன்னொட்டினான், துன்னொட்டிய படகு.

புரியாது என்று சொல்ல வேண்டாம். நான் இருக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில், தமிழில் உவர்மலை. ஒலியும் நின்றது, பொருளும் வந்தது. இன்றைக்கு யாராவது உவர்மலை புரியவில்லை என்கிறார்களா? புழங்கினால் புரியும்.

சென்னையிலிருந்து

ஐயா மன்னிக்க வேண்டும். இங்கே 'துன்னு' என்றால் சாப்பிடு. உங்கள் பிள்ளைகளும் எங்கள் சினிமா பார்ப்பவர்கள்தானே, வகுப்பு சிரித்துவிடும்.

எனக்கு இன்னொரு கவலை, 'தையல்' என்ற சொல்லே இங்கே சரியா? மதராஸ் கடற்கரையில் அலையைக் கடக்க மசூலாப் படகு ஓடியது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தே கட்டுவார்கள், உள்ளே வங்குகள் (குறுக்குச் சட்டங்கள்) கிடையாது. அலை அடிக்கும்போது அந்தத் தையல்தான் நெகிழ்ந்து கொடுத்துப் படகைக் காப்பாற்றும். அங்கே தையல் கடைசிவரை இருக்க வேண்டியது. உங்கள் முறையில் கம்பி வெறும் பிடிமானம், வேலை முடிந்ததும் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் மாணவன் கம்பிதான் படகைத் தாங்குகிறது என்று நினைத்துவிட மாட்டானா?

மூதூரிலிருந்து

சேர், நான் இலக்கியம் படித்தவள் இல்லை. வாப்பா பைபர் போட்டுகளுக்கு ஒட்டுப் போடுகிறவர், சின்ன வயதிலிருந்து அந்த மணத்தில் வளர்ந்தேன், அதனால் எழுதுகிறேன்.

புதுச் சாரம் (லுங்கி) வாங்கினால் என்ன செய்வோம்? இரண்டு முனையையும் சேர்த்து மூட்டுவோம். 'சாரத்த மூட்டிக் கொண்டா' என்று உம்மா சொல்வா. தட்டையாகக் கிடந்த துணி மூட்டினதும் வட்டமாக நிற்கும். உங்கள் பலகைக்கு நடப்பதும் அதுதானே? முழங்கால் மூட்டும் அதே சொல். மூட்டிப் பிறகு ஒட்டுவது, மூட்டொட்டு. வாப்பாவிடம் முறையைச் சொல்லிக் கேட்டேன். "ஓ, மூட்டிப் போட்டு ஒட்டுறது" என்று தானாகவே சொன்னார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

உவர்மலைச் சேர், புழங்கினால் புரியும் என்றது சரி. ஆனால் புழங்குகிறவன் யார் என்றும் பார்க்க வேணும். 2009இல் பாலம் வரும்வரை கிண்ணியாவுக்குப் பாதையில்தான் போனோம். அகராதியில் பாதை என்றால் வழி. நமக்கு அது ஆளையும் வண்டியையும் ஏற்றித் தண்ணீரில் மிதந்த தெப்பம். யாரும் கூட்டம் போட்டு வைத்த பெயர் இல்லை.

உவர்மலை

தங்கச்சி சொன்னது நல்ல சொல். நான் மறுக்கவில்லை. ஆனால் மூட்டு இரண்டு வேரில் வரும். மூள் என்பதிலிருந்து தீ மூட்டு. முட்டு என்பதிலிருந்து, முட்டச் செய்தல், அதாவது இரண்டு முனை சந்திக்கச் செய்தல்: இது உங்கள் சாரத்து மூட்டு. இதிலே பொருளை இடம்தான் பிரித்துக் காட்டும். எப்பொக்சி டப்பாவுக்குப் பக்கத்தில் 'மூட்டவும்' என்று எழுதினால் நெருப்பை நினைக்க மாட்டானா?

முட்டு என்னும்போது இன்னொன்று. முட்டு, முடி, முடிச்சு, முடங்கு எல்லாம் ஓரினம் என்பது என் எண்ணம். வளைந்து சந்திப்பது என்ற ஒரே கருத்து. இதைப் பிறகு விரிவாக எழுதுகிறேன்.

திருகோணமலை, பட்டறை ஆசிரியர்

எல்லாருக்கும் நன்றி. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை அழைத்துவிட்டார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் மூட்டொட்டுக்கு ஐந்து, தைத்தொட்டலுக்கு மூன்று, துன்னொட்டுக்கு ஒன்று.

நேற்று ஒரு சோதனை செய்தேன். இரண்டு கழிவுப் பலகையைக் கொடுத்து, ஒன்றும் விளக்காமல், "இதை மூட்டு" என்றேன். மூன்று பிள்ளைகளும் விளிம்போடு விளிம்பு வைத்தார்கள், ஒருவரும் நெருப்புப்பெட்டி தேடவில்லை. ஆகவே தலைப்பில் 'மூட்டி ஒட்டும் முறை' என்று பிரித்தே போடுகிறேன். கம்பி போடும் ஒவ்வொரு இடமும் 'மூட்டு', உள்மூலைக் கலவை 'மூலைப்பூச்சு'. சென்னை நண்பரின் கவலைக்காக 'கம்பி தற்காலிகம், படகைத் தாங்குவது பூச்சும் பட்டியுமே' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். படகை உட்துறைமுகத்தில்தான் இறக்குவோம். அந்த மாதத்தில் கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும், வெளியே விட்டால் பிள்ளைகள் திரும்புவது கஷ்டம்.

உவர்மலை

அச்சுக்குப் போகட்டும். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளும்: 'மூட்டி ஒட்டும் முறை' விளக்கம், சொல் அன்று. அடுத்த பதிப்பில் துன்னல் அடிக்குறிப்பாகவாவது வர வேண்டும்.

அப்புறம், கையேட்டில் ஒன்பதாம் பக்கத்தில் சுக்கான் என்று இருக்கிறதே, அது அரபு வழி வந்தது. தனி மடல் தொடங்குகிறேன்.