சதுரத்தைத் திருப்பி வரைந்தால் ‘டைமண்ட்’ என்கிறார்கள், என்ன செய்வது?

சாக்பீஸ்:
வணக்கம். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு, எட்டு வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் சதுரத்தை முனையில் நிற்கிற மாதிரி வரைந்தால் “டைமண்ட் டீச்சர்!” என்று வகுப்பே கத்துகிறது. அளக்கச் சொன்னால் அளக்கிறார்கள். நாலு பக்கமும் சமம், “ஆனாலும் டைமண்ட்தான்.” எட்டாம் வகுப்புக்கு வேறு தலைவலி. என்.எம்.எம்.எஸ். உதவித்தொகைத் தேர்வின் மனத்திறன் தாளில் பகடையை விரித்துக் காட்டி எதிர்முகம் எது என்று கேட்டால் குத்துமதிப்பாக எழுதிவிட்டு வருகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ஷார்ட்கட்:
பகடைக்கு ஒரே வரி போதும் டீச்சர். ஒரே வரிசையில் ஒரு கட்டம் விட்டு அடுத்த கட்டம் எதிர்முகம். மனப்பாடம் செய்யவைத்துவிடுங்கள், மார்க் வந்துவிடும்.

அட்டைப்பெட்டி:
அந்த விதி சரிதான் சார், ஆனால் பாதி வழியில் இறக்கிவிட்டுவிடும். கனசதுரத்தை விரிக்க 11 விதங்கள் உண்டு. அதில் ஒன்று, இரண்டிரண்டு கட்டமாகப் படியேறுகிற மாதிரி இருக்கும். அதில் எங்கேயும் மூன்று கட்டம் நேராக வராது, விதியை எங்கே போடுவது? (கீழிருந்து வரிசையாக எண் போட்டால் 1-க்கு எதிர் 4, 2-க்கு 5, 3-க்கு 6.)

நான் பற்பசை, மருந்து அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்வேன். பிரிப்பதற்கு முன்பே முகங்களில் மேல், கீழ், முன், பின், இடம், வலம் என்று எழுதிவிட வேண்டும். ஒட்டுகிற மடிப்புகளை வெட்டிவிட்டுப் பெட்டியை விரித்தால் ‘மேல்’ ஒரு பக்கம், ‘கீழ்’ ஒரு பக்கம் தள்ளிக் கிடக்கும். அப்போது பிள்ளைகள் முகத்தைப் பார்க்கணும்! அப்புறம் கட்டம் போட்ட நோட்டில் ஆறு கட்டம் வரைந்து, இது மூடுமா மூடாதா என்று முதலில் சொல்ல வேண்டும், பிறகுதான் கத்தரிக்கோல். சொல்லாமல் வெட்டினால் அது கைவேலை வகுப்பு.

டைமண்ட் விஷயத்தில் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். நெதர்லாந்தின் வான் ஹீலே தம்பதி 1957-லேயே இதை எழுதிவிட்டார்கள்: பிள்ளைகள் முதலில் மொத்தத் தோற்றத்தை வைத்துத்தான் பேர் சொல்வார்கள், பக்கம் கோணம் எல்லாம் அடுத்த படி. புத்தகத்தில் சதுரம் எப்போதும் தரையில் உட்கார்ந்தே இருந்தால் அவர்கள் வேறென்ன நினைப்பார்கள்? இன்னொன்று, பக்கங்களை மட்டும் அளந்தால், நாலு பக்கமும் சமமாக இருந்து மூலை மட்டும் செங்கோணமாக இல்லாத சாய்சதுரமும் பாஸாகிவிடும். மூலையைத்தான் சோதிக்க வேண்டும். அதற்குப் பாகைமானி வேண்டாம். ஒரு கிழிந்த தாளை மடித்து, மடிப்புக் கோடு அதன் மேலேயே விழுகிற மாதிரி இன்னொரு முறை மடித்தால் செங்கோணம் தயார். அதை நாலு மூலையிலும் வைத்துப் பார்க்கட்டும். அப்புறம் அட்டைச் சதுரம் ஒன்றைக் கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிக்கொண்டே, “எந்த இடத்தில் சதுரம் டைமண்டாச்சு, நிறுத்தச் சொல்லுங்க” என்று கேளுங்கள். ஒருத்தன் நிறுத்தச் சொல்வான், இன்னொருத்தி இல்லை என்பாள். நீங்கள் வாயைத் திறக்காதீர்கள்.

சாக்பீஸ்:
நன்றி சார். பெட்டி நாளைக்கே ஆரம்பிக்கிறேன். முனையில் நிற்கிற சதுரத்துக்கு ஊரிலேயே ஏதாவது உதாரணம் கிடைக்குமா?

வாசல்தெளிப்பு:
கோலம் இருக்கே டீச்சர்! 7 புள்ளி, நேர்ப்புள்ளி (புள்ளிக்கு நேராகப் புள்ளி), 1 வரை. 1, 3, 5, 7, 5, 3, 1, மொத்தம் 25. ஓரப் புள்ளிகளைச் சேர்த்தால் முனையில் நிற்கிற சதுரம். ஆனால் கையால் வைத்த புள்ளி சாயும், கட்டம் போட்ட தாளிலேயே வையுங்கள். அடுத்த நாள் இடுக்குப்புள்ளி (இரண்டு புள்ளிக்கு நடுவில் அடுத்த வரிசைப் புள்ளி), 7-லிருந்து 4 வரை, 37 புள்ளி. இதன் ஓரத்தைச் சேர்த்தால் அறுகோணம். அங்கே பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் மூன்றைச் சேர்த்தால் சமபக்க முக்கோணம் வரும். இதற்குக் கட்டத்தாள் உதவாது, முக்கோணப் புள்ளித்தாள் அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

அட்டைப்பெட்டி:
பையன்களையும் வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வகுப்பில் இடுக்குப்புள்ளியில் சதுரம் கண்டுபிடிக்கிறேன் என்று ஒரு கும்பல் மதியச் சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.