சென்னை–கொல்லிமலை, எட்டு வண்டி, ரெண்டு நாள்: முதல் குரூப் ரைடுக்கு என்னென்ன பார்க்கணும்?

பெருங்களத்தூர்_பயணி:

வணக்கம். சனிக்கிழமை காலை பெருங்களத்தூரில் கூடி, கொல்லிமலையில் ஒரு ராத்திரி தங்கி, ஞாயிறு இரவுக்குள் திரும்புவதாகத் திட்டம். மொத்தம் எட்டு வண்டி. மூணு கிளாசிக் 350 (அதில் ஒன்று ஸ்போக் வீல்), ரெண்டு பல்சர் 150, ஒரு பழைய டியூக் 200, ஒரு ஸ்ப்ளெண்டர், ஒரு ஆக்சஸ் 125 ஸ்கூட்டர். ரெண்டு கிளாசிக்கில் பின்னால் ஆள் உண்டு. பாதிப் பேருக்கு மலைப்பாதை புதுசு.

கேட்க வேண்டியது ஐந்து. இவ்வளவு கலவையான வண்டிகளை எந்த வரிசையில் ஓட்டுவது? பெட்ரோல் எங்கெங்கே? 70 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் தாங்குமா? நியூட்ரலில் இறக்கினால் இன்ஜினுக்கு நல்லது என்று ஒருத்தர் அடம்பிடிக்கிறார், அது சரியா? டூல்ஸில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? ஆக்சஸை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லலாமா என்றும் சொல்லுங்கள்.

கடைசி_வண்டி:

ஆக்சஸை விடவேண்டியதில்லை, அதை வைத்துத் திட்டம் போடுங்கள். குரூப்பில் சின்ன டேங்க்தான் பெட்ரோல் கணக்கைத் தீர்மானிக்கும், மெதுவான வண்டிதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆக்சஸ் டேங்க் சுமார் 5 லிட்டர். ஹைவேயில் 45 கொடுத்தாலும் 200 கிலோமீட்டரைத் தாண்டினால் கைதான் தள்ளணும். அதனால் 130-க்கு ஒருமுறை நிறுத்தம். பெருங்களத்தூரில் ஃபுல், அடுத்தது விழுப்புரம் பக்கம், அதற்கடுத்து ஆத்தூர். மூணும் ஏறக்குறைய சம இடைவெளி. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டு வண்டியும் நிரப்பணும். "எனக்கு இன்னும் பாதி இருக்கு" என்று ஒதுங்குகிறவர்தான் அடுத்த நாற்பதாவது கிலோமீட்டரில் எல்லோரையும் நிறுத்துவார்.

வேகம் 65. ஸ்ப்ளெண்டரும் ஆக்சஸும் நாள் முழுக்க மூச்சுவாங்காமல் ஓடும் வேகம் அதுதான். டியூக்காரருக்குக் கடுப்பாகத்தான் இருக்கும். அதற்கு மேல் வேணும் என்றால் அவர் தனியாகப் போய் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கட்டும், வரிசைக்குள் முன்னும் பின்னும் ஆடக்கூடாது.

வரிசை: வழி தெரிந்த, நிதானமான ஆள் லீட், அதாவது எல்லோருக்கும் முன்னால் போகிறவர். அவருக்கு நேர் பின்னால் ஸ்ப்ளெண்டர், ஆக்சஸ். நடுவில் பல்சர்களும் ஆள் ஏற்றிய கிளாசிக்குகளும். கடைசியில் ஸ்வீப், அதாவது யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு வருகிறவர், அந்த வண்டியில்தான் டூல்ஸும் முதலுதவிப் பையும் இருக்கணும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து சின்ன வண்டியைக் கடைசியில் போடுவார்கள். முன்னால் லீட் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் வால்பக்கம் அது பல மடங்காகப் பெருகும், கடைசி ஆள் துரத்திக்கொண்டே ஓட்டணும். புதுசாக வருகிறவர்கள் விழுவது பெரும்பாலும் இந்தத் துரத்தலில்தான்.

நான்குவழிச் சாலையில் ஜிக்ஜாக்: ஒருத்தர் லேனின் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம். நேர் முன்னால் இருப்பவருக்கும் உங்களுக்கும் 2 விநாடி, குறுக்கே இருப்பவருக்கு 1 விநாடி. ஊருக்குள், மழையில், மலையில் இதை விட்டுவிட்டு ஒற்றை வரிசை. லாரியை ஓவர்டேக் செய்யும்போது அவரவர் கண்ணால் பார்த்து முடிவெடுக்கணும். முன்னால் போனவர் "வா வா" என்று கைகாட்டவே கூடாது. அவர் காட்டும்போது இருந்த இடைவெளி நீங்கள் வெளியே எடுக்கும்போது இருக்காது.

பிரிந்துபோகாமல் இருக்க ஒரே விதி: ஒவ்வொருவரும் தன் கண்ணாடியில் பின்வண்டியைப் பார்க்கணும். தெரியவில்லையா, வேகத்தைக் குறை. இன்னும் தெரியவில்லையா, ஓரங்கட்டு. இதைச் செய்தால் இன்டர்காம் இல்லாமலே செய்தி முன்னால் வரை போய்விடும். திருப்பங்களில் லீடுக்கு அடுத்த ஆள் நின்று, ஸ்வீப் வரும்வரை கைகாட்டிவிட்டுப் பிறகு சேர்ந்துகொள்வார்.

ஒர்க்‌ஷாப்_வாசல்:

நியூட்ரல் விஷயத்துக்கு முதலில் வருகிறேன். அந்த நண்பரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், வேண்டாம். இன்ஜின் பிடித்து நிறுத்தவேண்டிய எடையை மொத்தமாக பிரேக் தலையில் கட்டுவதுதான் நியூட்ரல். பெட்ரோலும் மிஞ்சாது. எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாத, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் கியரில் த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர்) மூடி இறங்கினால் பெட்ரோல் பாய்வதே நின்றுவிடும், நியூட்ரலில் ஐடிலிங்குக்குக் குடிக்கும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். கொல்லிமலைக்கு ரெண்டாவது, வளைவில் முதல்.

பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இறங்கக்கூடாது. கொஞ்சம் அழுத்தமாகப் பிடி, வேகம் குறைந்ததும் முழுசாக விடு. விட்ட நேரத்தில்தான் டிஸ்க்கும் டிரம்மும் ஆறும். கால் பின் பிரேக் பெடலிலேயே கிடந்தால் டிரம் சூடேறி லைனிங் பிடியை விட்டுவிடும். டிஸ்க் வண்டியில் ஆபத்து வேறுமாதிரி. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது தரக்கணக்கு, ஈரம் ஏறியதற்கு அந்தக் கணக்கு 155 டிகிரிதான். உள்ளே ஆவிக்குமிழ் உண்டானால் லீவர் பஞ்சுமாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. ஆயில் மாற்றி ரெண்டு வருஷம் தாண்டிய வண்டிகளுக்குக் கிளம்புவதற்கு முன் மாற்றிவிடுங்கள். வழியில் லீவர் தளர்ந்தால் ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றவேண்டாம், வளைந்துவிடும்.

ஆக்சஸ் ஓட்டுகிறவருக்குத் தனியாக: ஸ்கூட்டரில் கிளட்ச் இன்ஜின் சுற்றும் வேகத்தில்தான் பிடிக்கும். த்ராட்டிலை முழுசாக மூடி வேகம் ரொம்பக் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், பிறகு அது நியூட்ரலில் உருளும் வண்டிதான். இறக்கத்தில் வண்டி திடீரென்று லேசாகி ஓடுவதுபோலத் தோன்றினால் அதுதான் காரணம். துளி த்ராட்டில் கொடுத்தால் மறுபடி பிடிக்கும். ஸ்ப்ளெண்டரிலும் ஆக்சஸிலும் கூட்டு பிரேக் இருந்தால் பின் பிரேக்கைப் பிடித்தாலே முன்னாலும் கொஞ்சம் பிடிக்கும், அதனால் ரெண்டு பக்கமும் சூடாகும். பத்துப் பதினைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கட்டும்.

செயின்: கீழ்ப்பக்கத்தில் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே விரலால் மேலும் கீழும் தள்ளிப் பாருங்கள். பொதுவாக 25–30 மில்லிமீட்டர், உங்கள் வண்டிக்கு மேனுவலில் என்ன போட்டிருக்கோ அது. சக்கரத்தைச் சுற்றி, எங்கே மிக இறுக்கமோ அங்கே வைத்து அளக்கணும். ஆள் உட்கார்ந்தால் செயின் இன்னும் இறுகும். காலி வண்டியில் விறைப்பாக வைத்தால் பள்ளத்தில் விழும்போது பேரிங்கைத்தான் தின்னும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்முனையில் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் பாதிப் பல் தெரிகிறதா? செட்டாகவே மாற்றுங்கள், வெறும் செயின் வேண்டாம். 90 கிரேடு கியர் ஆயில் போதும், 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ஓட்டி முடித்த சூட்டோடு செயினின் உள்பக்கம். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜினை ஓடவிட்டுத் துணியோடு செயினைத் துடைத்து விரலை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

காற்று: காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது, ஆள் ஏற்றிய வண்டிக்கு ஸ்டிக்கரில் உள்ள பிலியன் அளவு. மதியம் அளந்தால் கூடத்தான் காட்டும், பயந்து இறக்கிவிடாதீர்கள்.

நாமக்கல்_பக்கம்:

வழி பற்றி. உளுந்தூர்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டு சேலம் ரோடு, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர். நான்குவழியாக வரும் அந்த ரோடு புறவழிகளில் ரெண்டுவழியாகச் சுருங்குவதில்தான் பேர் வாங்கியது. விரிவாக்க வேலையும் நடந்த ரோடு. புறவழி தொடங்கும் இடத்தில் நடுச்சுவர் முடிகிறதா என்று பாருங்கள், எதிர்வண்டி உங்கள் பக்கமே வரும். ஆத்தூரிலிருந்து மல்லியக்கரை, நாமகிரிப்பேட்டை, ராசிபுரம். பிறகு பேளுக்குறிச்சி, காளப்பநாயக்கன்பட்டி வழியாக அடிவாரம் காரவள்ளி. ராசிபுரத்தில் இன்னொருமுறை டேங்கை நிரப்பிவிடுங்கள், மலைமேல் பங்க்கை நம்பி ஏறவேண்டாம். மொத்தம் 350-க்கு மேல். நிறுத்தங்களோடு சராசரி 45–50 கிடைத்தால் பெரிசு. காலை 5 மணிக்குக் கிளம்பினால் மதியம் ஒன்றுக்கு அடிவாரம். சிலர் 3 மணிக்கே கிளம்பச் சொல்வார்கள். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியை இருட்டில் சந்திப்பதைவிட ரெண்டு மணி நேரம் வெயில் வாங்குவது மேல்.

வளைவுகளில் நமக்கு இடது வளைவுதான் கஷ்டம், ஏறினாலும் இறங்கினாலும். உள்வட்டம் குறுகல், சரிவும் அங்கேதான் செங்குத்து. ஏறும்போது வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிடுங்கள். பாதியில் கிளட்சைப் பிடித்து கியர் தேடினால் வண்டி நின்று பின்னோக்கிச் சாயும், ஆள் ஏற்றிய கிளாசிக்கைக் கால் ஊன்றித் தாங்க முடியாது, இடக்கால் எட்டும் தரையும் அங்கே இருக்காது. நடுக்கோட்டைத் தாண்டாமல் முடிந்தவரை வெளியே எடுத்து நுழையுங்கள். பார்வை ரோட்டின் மேல்முனையில் இருக்கட்டும், சீரான த்ராட்டில், தேவையானால் பின் பிரேக் மட்டும் லேசாக.

அரசு பஸ் வந்தால் வளைவு முழுவதும் அதற்குத்தான். ஹாரன் கேட்டால் வளைவுக்குள் போகாமல் முன்னாலேயே நில்லுங்கள். இறங்கும்போது ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவது சட்டமும்கூட. குரங்குக்குத் தீனி போடும் கார்கள் வளைவிலேயே நிற்கும், அதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கியமாக ஒன்று. ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்கி ஏறினால் தொடையும் கெண்டைக்காலும் வெடவெடக்கும். அந்தக் காலோடு 70 வளைவு இறங்கவேண்டாம். சனி மாலைக்குள் நேரம் இருந்தால் அன்றே அருவி, இல்லையென்றால் அருவியை விட்டுவிட்டு அறப்பளீஸ்வரர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை 8 மணிக்கு மலை இறங்கத் தொடங்கினால்தான் இருட்டுக்கு முன் செங்கல்பட்டு. ஆடி 18-ஐ ஒட்டி வல்வில் ஓரி விழா, அந்த வாரம் கூட்டம் தாங்காது. நீலகிரி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் வந்த இ-பாஸ் உத்தரவில் கொல்லிமலை இல்லை.

பெருங்களத்தூர்_பயணி:

ரொம்ப நன்றி. அருவியைச் சனிக்கு மாற்றிவிடுகிறோம். ஸ்போக் வீல் கிளாசிக் பஞ்சர் ஆனால்? எங்களிடம் ட்யூப்லெஸ் கிட் மட்டும்தான் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்_வாசல்:

அந்த கிட் ட்யூப்லெஸ் டயர் உள்ள வண்டிகளுக்கு மட்டும். ஆணி பிடுங்கும்போது எந்தச் சாய்வில் வருகிறது என்று பார்த்து, அதே சாய்வில் ரேஸ்ப்பை (கிட்டில் உள்ள முரட்டு அரம்) விட்டுத் தேய்த்து, பசை தடவிய ரப்பர் ஸ்ட்ரிப்பை ஒரு சென்டிமீட்டர் வெளியே நிற்கும்படி செருகி, ஊசியை வெடுக்கென்று இழுக்கணும். எச்சில் தொட்டுக் குமிழ் வருகிறதா பாருங்கள். பக்கச்சுவரில் ஓட்டை என்றால் ஸ்ட்ரிப் போட்டு ஹைவேயில் ஓட்டாதீர்கள்.

ஸ்போக் வீலுக்குப் பின் டயர் அளவில் ஒரு புது ட்யூப், மூணு டயர் லீவர், ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப். முன் டயர் கிளப்பிவிடும் ஆணியைப் பின் டயர்தான் வாங்கும், அதனால் பின் ட்யூப். கிளாசிக்கில் சென்டர் ஸ்டாண்ட் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள், இல்லாவிட்டால் பின் சக்கரத்தைத் தூக்க ரெண்டு ஆள் வேணும். கழற்றும்போது லீவர் போடும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் டயர் விளிம்பை முட்டியால் அழுத்தி ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்குங்கள். அது இறங்காமல் லீவரில் எவ்வளவு பலம் போட்டாலும் வராது, வந்தாலும் ட்யூப் கிழியும். ஆணி இன்னும் டயரிலேயே இருக்கா என்று உள்பக்கம் விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, புது ட்யூபில் வடிவம் நிற்கும் அளவுக்குக் காற்று ஏற்றி உள்ளே வையுங்கள். சக்கரம் மாட்டியதும் ரெண்டு பக்க செயின் அட்ஜஸ்டர் குறியும் ஒன்றாக இருக்கணும், பின் பிரேக்கைப் பத்து முறை மிதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கூட ஒரு கிளட்ச் கேபிள் (மாட்டியிருக்கும் கேபிளோடு சேர்த்தே ஓட்டி டேப் சுற்றிவிட்டால் பையில் இடம் மிச்சம்), ஃப்யூஸ் ரெண்டு மூணு, ஒரு ஸ்பார்க் பிளக், இன்சுலேஷன் டேப், ஜிப் டை. மற்றதெல்லாம் ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் கிடைக்கும். பையைக் கட்டும் எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி தளர்ந்து செயினுக்குள் போகாதபடி மீதி நுனியை முடிச்சுப் போட்டுவிடுங்கள்.