இரண்டு வாரக் கெடு: 2008 போர் எதிர்ப்புப் பேச்சு

பாலாற்றங்கரையான்:
ஈழப் போரின் இறுதிக் கட்டத்தில் தமிழ்நாட்டில் எழுந்த போர் எதிர்ப்புக் குரல் அத்தனையும் வெறும் மேடைப் பேச்சு என்று காட்பாடியார் எழுதியிருப்பது எரிச்சலூட்டுகிறது. மத்திய அரசு இரண்டு வாரத்துக்குள் போர்நிறுத்தத்துக்கு வழிசெய்யாவிட்டால் தமிழக நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவி விலக நேரிடும் என்று 2008 அக்டோபர் 14 அனைத்துக் கட்சிக் கூட்டம் தீர்மானித்ததே, கெடு விதித்துப் பேசுவதா மேடைப் பேச்சு?

காட்பாடிக்காரன்:
கெடு நாளன்று விலகியவர் யார், ஐயா? அக்டோபர் 26இல் அப்போதைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி சென்னைக்கு வந்து கலைஞரைச் சந்தித்தார். விலகல் பேச்சு அத்தோடு அடங்கியது. தி.மு.க. உறுப்பினர்களின் கடிதங்கள் கட்சித் தலைவரின் கைக்குத்தான் போயின.

பாலாற்றங்கரையான்:
கெடு விதித்ததனால்தான் பிரணாப் வந்தார். கண்டியின் கடைசி மன்னன் வேலூரில் இறந்தது 1832இல் என்று நான் சொன்னபோதும், அவன் கல்லறை இருக்கும் முத்து மண்டபத்தைப் பார்த்தே இராத இதே காட்பாடியார்தான் நாள்கணக்கில் மறுத்துவிட்டுச் சத்தமில்லாமல் நழுவினார்.

ஆம்பூர் ஆசிரியை:
முத்து மண்டபத்தை விடுங்கள். தப்ப முயன்ற மக்களைப் புலிகள் சுட்டதாக 2011இல் வெளியான ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை கூறுகிறது. டெல்லியையும் கொழும்பையும் நோக்கி அவ்வளவு உரக்க முழங்கியவர்கள், மக்களை வெளியே விடுங்கள் என்று புலிகளை நோக்கி ஏன் அதே குரலில் முழங்கவில்லை?

பாலாற்றங்கரையான்:
அம்மா, இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்களில் பெரும்பாலோர் அரசுப் படையின் ஷெல் வீச்சில் இறந்தார்கள் என்று அதே அறிக்கை சொல்வதைத் தாங்கள் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள். குண்டு வீசுகிறவனிடம்தானே நிறுத்து என்று சொல்ல முடியும். அதற்காக மக்களை மனிதச் சங்கிலியில் நிறுத்தி, டெல்லிக்கு நாளும் குறித்துக் கொடுத்த இயக்கத்தை மேடைப் பேச்சு என்பவர்கள் வேலூர் அருகே மேல்மொணவூர் ஈழ அகதிகள் முகாமில் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

காட்பாடிக்காரன்:
முகாமில் இருப்பவர்களை உங்கள் வாதத்துக்குக் கேடயமாக்காதீர்கள். இரண்டு வாரம் என்றால் அக்டோபர் 28. விலகியவர் பெயர்?

குடியாத்தத்தான்:
2009 ஏப்ரல் 27இல் கலைஞர் இருந்த மெரினா உண்ணாவிரதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்த மாட்டோம் என்றுதான் அன்று கொழும்பு அறிவித்தது. அதைப் போரே நின்றுவிட்டதுபோல் இங்கே கொண்டாடினார்கள். போர் முடிந்த மே 18 வரை என்ன நடந்தது என்பது உலகத்துக்கே தெரியும்.

பாலாற்றங்கரையான்:
குடியாத்தத்தாருக்கு எந்தக் கட்சியின் மீது காழ்ப்பு என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். நான் பேசுவது அக்டோபர் கெடுவைப் பற்றி. ஏப்ரலுக்குத் தாவுவது விவாதம் ஆகாது.

ஆம்பூர் ஆசிரியை:
1832க்குத் தாவியது மட்டும் விவாதமோ?